விண்மீன்களின் நாடி பார்த்தவர் – டாக்டர் வைணு பாப்பு

மின்சாரம் தடைப்படும் இரவுகளில் நம் கைலாசபுரத்திற்கு ஒரு நன்மை உண்டு. தெருவிளக்குகள் அணைந்ததும் வானம் நெருங்கி வந்துவிடுகிறது. மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தால், மார்கழி, தை மாதங்களில் கிழக்கே எழும் திருவாதிரை விண்மீனைச் சிறு குழந்தையும் சுட்டிக் காட்டும். செந்நிறமாய், அனைவரும் அறிந்த முகம்போல் அது வந்து நிற்கும்.

2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த முகம் வாடத் தொடங்கியது. 2020 பிப்ரவரிக்குள் திருவாதிரையின் ஒளி வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு குறைந்துபோயிற்று. உலகமெங்கும் மக்கள் அதனைக் கவனித்தனர். அந்த விண்மீன் வெளியே தள்ளிய தூசுமண்டலம் ஒன்று அதன் முகத்தை மறைத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் விளக்கினர். சில மாதங்களில் பழைய ஒளி மீண்டது. ஆயினும் ஓர் எண்ணம் நம் மனத்தில் தங்கிவிட்டது. விண்மீன்கள் என்றும் மாறாதவை என்று நாம் நினைப்பது சரிதானா? திருவாதிரை மாறுமென்றால், நாள்தோறும் நமக்குச் சோறிடும் சூரியனும் மாறுமோ?

இக்கேள்விக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்து, கோடைக்கானலிலும் ஜவ்வாது மலையிலும் உழைத்தார். அவரே டாக்டர் வைணு பாப்பு. விண்மீனின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வித்தையை உலகிற்குச் சொன்ன இருவரில் அவர் ஒருவர். அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு நம் மலரில் நினைவுகூர்வோம்.

இளமைப் பருவம்

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் மலையாள நாடு. தந்தையார் ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வு நிலையத்தில் பணியாற்றி வந்தார். ஆகவே, மற்ற பிள்ளைகளுக்குப் பம்பரமும் பட்டமும் விளையாட்டுப் பொருளானதுபோல், இந்தப் பிள்ளைக்குத் தொலைநோக்கி அறிமுகமாயிற்று.

தந்தையின் கையைப் பிடித்து வானத்தைப் பார்த்த சிறுவன், விரைவிலேயே தானாகப் பார்க்கத் தொடங்கினான். சில விண்மீன்களின் ஒளி நாளுக்கு நாள் கூடிக் குறைகிறது. அத்தகைய விண்மீன்களை ஒவ்வோர் இரவும் பார்த்து, அருகிலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு, இன்று இவ்வளவு என்று குறித்து வைக்க வேண்டும். தூக்கத்தை விட்டுக்கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. ஒருநாள் குறிப்பினால் ஒன்றும் விளங்காது. பல மாதக் குறிப்புகள் சேர்ந்தால்தான் உண்மை வெளிவரும். பாப்பு அதைப் பொறுமையாகச் செய்தார். 1946இல், பத்தொன்பது வயதிற்குள், மாறும் விண்மீன்களைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் அச்சேறின. அப்போது அவர் கல்லூரி மாணவர்.

விண்மீன் மினுமினுப்பது வேறு, மாறுவது வேறு என்பதை இங்கே நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் கண்ணுக்கு அவை சிமிட்டுவதுபோல் தோன்றுவதற்கு நம் காற்றுமண்டலத்தின் அலைச்சலே காரணம். குளத்தின் அடியில் கிடக்கும் நாணயம், நீர் அசையும்போது நடுங்குவதாகத் தோன்றுமல்லவா, அதுபோலத்தான். நாணயம் நடுங்கவில்லை. ஆனால் சில விண்மீன்களின் ஒளி உண்மையாகவே கூடிக் குறைகிறது. அதன் காரணம் அந்த விண்மீனிடமே இருக்கிறது.

தமிழ் மண்ணின் பழைய உறவு

இந்த மாறும் விண்மீன்களுக்கும் நம் தமிழகத்திற்கும் நெடுநாள் உறவு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வானாய்வு நிலையம் இயங்கி வந்தது. 1861இல் அதன் தலைவராக வந்த நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர், விண்மீன்களின் ஒளியை அளக்கும் அளவுகோலுக்குத் திட்டவட்டமான வடிவம் தந்தவர். ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளியில் நூறு மடங்கு வேறுபாடு என்ற அவருடைய கணக்கைத்தான் இன்றும் உலகம் பின்பற்றுகிறது. அவருக்குத் துணையாக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானில் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அக்காலத்தில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த அரிய பெருமை அது.

பின்னர் சூரியனை ஆராய்வதற்காகக் கோடைக்கானல் மலையில் ஒரு நிலையம் எழுந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். சென்னையில் விண்மீன், கோடைக்கானலில் சூரியன் என்று இருவேறு கிளைகளாக வளர்ந்த அறிவை, பின்னாளில் ஒரே மரமாக்கியவர் வைணு பாப்பு.

கடல் கடந்த கல்வி

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற பாப்பு, உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1949 ஜூலை 2ஆம் நாள் இரவு அவர் எடுத்த வானப் புகைப்படத் தகடு ஒன்றில், எதிர்பாராத ஒரு புகைக்கீற்று பதிந்திருந்தது. அதுவரை யாரும் கண்டிராத வால்நட்சத்திரம் அது! ஆசிரியர் பார்ட் போக், உடன்பயின்ற கார்டன் நியூகர்க் ஆகிய இருவரும் அதனை ஆராய்ந்து உறுதி செய்ய, அந்த வால்நட்சத்திரத்திற்குப் பாப்பு–போக்–நியூகர்க் என்ற பெயர் வழங்கலாயிற்று. பசிபிக் வானியல் சங்கம் அவருக்கு டொனஹோ பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

ஆனால் பாப்புவை நாம் நினைவுகூர்வது வால்நட்சத்திரத்துக்காக மட்டும் அன்று. 1952இல் டாக்டர் பட்டம் பெற்றதும், கார்னகி நிறுவனத்தின் ஆய்வு நிதி பெற்று அவர் கலிபோர்னியா சென்றார். அங்கே மவுண்ட் வில்சன், பாலோமார் என்னும் இரு மலைகளின் மீது பெரிய தொலைநோக்கிகள் இருந்தன. பாலோமாரின் 200 அங்குலத் தொலைநோக்கிதான் அன்று உலகிலேயே மிகப் பெரியது. அதன் வாயிலை இந்திய இளைஞர் ஒருவர் மிதித்தது பெரிய செய்தி. அங்கே ஓலின் வில்சன் என்ற மூத்த வானியலாரோடு சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சிதான் அவர் பெயரை நிலைநாட்டியது.

கால்சியம் சொன்ன செய்தி

சமையலறையில் அடுப்புச் சுடரின் மீது உப்பு சிந்தினால் சுடர் மஞ்சளாவதை நாம் பார்த்திருக்கிறோம். உப்பிலுள்ள சோடியம் தன் அடையாளத்தை ஒளியில் எழுதிக் காட்டுகிறது. இப்படியே ஒவ்வொரு தனிமத்திற்கும் ஒளியில் ஒரு கையெழுத்து உண்டு. ஆலைகளில் எஃகுத் துண்டில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்பதை, அதில் பொறி பறக்கவிட்டு, அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தே அறிகிறார்கள். நம் தந்தையரில் பலருக்கு இது அன்றாட வேலை.

விண்மீனின் ஒளியையும் முப்பட்டகம் போன்ற கருவியால் பிரித்தால் வானவில் போன்ற நிறமாலை கிடைக்கும். அதன் குறுக்கே கருங்கோடுகள் தெரியும். ரோமாபுரியில் இயேசு சபைத் துறவியான ஆஞ்செலோ செக்கி அடிகளார் 1860களிலேயே இக்கோடுகளைப் பார்த்து விண்மீன்களை இனம் இனமாக வகுத்தார். அக்கோடுகளில் ஊதா நிறத்தின் விளிம்பில் 'கே' என்ற எழுத்தால் குறிக்கப்படும் அகன்ற கோடு ஒன்று உண்டு. அது கால்சியத்தின் கோடு. கோலப்பொடியிலும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிலும், நம் எலும்பிலும் உள்ள அதே கால்சியம்!

சூரியனையும், சூரியனைவிடக் குளிர்ந்த விண்மீன்களையும் உற்று நோக்கினால், அந்தக் கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தெரிகிறது. விண்மீனின் மேற்பரப்பிற்குச் சற்று மேலேயுள்ள நிறமண்டலத்திலிருந்து வரும் ஒளி அது. அக்கீற்றின் அகலத்தை வில்சனும் பாப்புவும் விண்மீன் விண்மீனாக அளந்தனர். அப்போது ஓர் அரிய ஒழுங்கு புலப்பட்டது. விண்மீன் உண்மையில் எவ்வளவு பிரகாசமானதோ, அவ்வளவு அகலமாக அக்கீற்று இருந்தது. மங்கலான குள்ள விண்மீன் முதல் மாபெரும் அரக்க விண்மீன் வரை இந்த ஒழுங்கு பிசகவில்லை. போக்சனின் அளவுகோலில் பதினைந்து படிகள். அதாவது ஒளியில் பத்து லட்சம் மடங்கு வேறுபாடு. அத்தனைக்கும் ஒரே விதி! 185 விண்மீன்களின் அளவுகளோடு இக்கண்டுபிடிப்பு 1957இல் வெளியாயிற்று. வில்சன்–பாப்பு விளைவு என்று உலகம் அதற்குப் பெயரிட்டது.

இதனால் என்ன பயன் என்று மாணவியர் கேட்கலாம். இரவில் தொலைவில் ஒரு விளக்கு தெரிகிறது. அது அருகிலுள்ள கைவிளக்கா, வெகு தொலைவில் வரும் லாரியின் முகப்பு விளக்கா என்று வெறும் பார்வையால் சொல்ல முடியாது. ஆனால் அதன் உண்மையான ஒளித்திறன் தெரிந்துவிட்டால், எவ்வளவு தொலைவு என்பதைக் கணக்கிட்டுவிடலாம். விண்மீன்களின் தொலைவை அறிய இவ்வாறு ஒரு புதிய வழி பிறந்தது.

அகலமும் வலிமையும்

அந்தக் கீற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் அகலம் விண்மீனின் இயல்பான ஒளித்திறனைச் சொல்கிறது. ஆனால் கீற்றின் வலிமை, அதாவது அது எவ்வளவு ஒளிர்கிறது என்பது, வேறொரு செய்தியைச் சொல்கிறது. விண்மீனின் மேற்பரப்பில் காந்தக் கொந்தளிப்பு மிகுந்தால் கீற்று பிரகாசிக்கும்; அடங்கினால் மங்கும். ஒன்று ஆளின் உயரம்போல, மாறாதது. மற்றொன்று நாடித் துடிப்புபோல, உடல்நிலைக்கேற்ப மாறுவது.

நம் சூரியனில் இதை நேரடியாகக் காணலாம். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனில் கரும்புள்ளிகள் பெருகிக் குறைகின்றன. கரும்புள்ளி என்பது வலிய காந்தப்புலம் வெப்பத்தை மேலெழ விடாமல் தடுத்த இடம். சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருப்பதால் கறுப்பாகத் தோன்றுகிறது. புள்ளிகள் பெருகினால் சூரியன் மங்க வேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? நடப்பது அதுவன்று. கரும்புள்ளிகளோடு சேர்ந்து ஒளிமிக்க திட்டுகளும் பெருகுகின்றன. அவற்றின் ஒளி புள்ளிகளின் இருளை வென்றுவிடுகிறது. ஆகவே, புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் சூரியன் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு கூடுதலாகவே ஒளிர்கிறது. இளமையான விண்மீன்களிலோ கதை தலைகீழ். அவை வேகமாகச் சுழல்கின்றன. அவற்றின் காந்தம் வலியது. பெரும் புள்ளிகள் முகத்தை மூடுவதால், கொந்தளிப்பு மிகும்போது அவை மங்குகின்றன. வயது ஏற ஏறச் சுழற்சி தளர்கிறது, கொந்தளிப்பும் அடங்குகிறது. விண்மீனுக்கும் இளமைத் துடிப்பும் முதுமை அமைதியும் உண்டு என்று அறியும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது.

மற்ற விண்மீன்கள் வெகு தொலைவில் ஒளிப்புள்ளிகளாகவே தெரிவதால், அவற்றின் மேலுள்ள புள்ளிகளைச் சாதாரணமாகக் காண முடியாது. அவற்றின் நாடியை அறியக் கால்சியக் கீற்றே வழி. 1966இல் வில்சன் மவுண்ட் வில்சன் மலையில் சூரியனை ஒத்த 91 விண்மீன்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கால்சிய ஒளியை ஆண்டுக்கணக்கில் அளந்தார். 1978இல் முடிவை வெளியிட்டார். நம் சூரியனைப் போலவே பல விண்மீன்களுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்து தணியும் சுழற்சி உண்டு என்பது அதனால் உறுதியாயிற்று.

தாயகம் திரும்பினார்

வில்சன் அங்கே அளந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பாப்பு எங்கே இருந்தார்? இங்கேதான் அவர் வாழ்வின் பெரிய முடிவு நம் மனத்தைத் தொடுகிறது.

1953இல், இருபத்தாறு வயதில், உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியை விட்டுவிட்டு அவர் இந்தியா திரும்பினார். வந்த இடத்தில், தாம் தொடங்கிய ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு ஏற்ற ஒரு தொலைநோக்கிகூட இல்லை. அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் வில்சனோடு சேர்ந்து அந்த 91 விண்மீன்களின் கதையையும் அவர் எழுதியிருக்கலாம். அதனை விட்டுக்கொடுத்தது சிறிய இழப்பன்று.

இழந்ததை எண்ணி அவர் ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. 1954இல் உத்தரப் பிரதேச அரசின் வானாய்வு நிலையப் பொறுப்பை ஏற்றார். காசியில் தொடங்கிய அந்நிலையம் 1955இல் நைனிதால் மலைக்கு மாறியது. 1960இல் கோடைக்கானல் நிலையத்தின் இயக்குநராக வந்தார். அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

கோடைக்கானலில் இருந்தவை சூரியனைப் பார்க்கும் கருவிகள். விண்மீனைப் பார்க்கப் பெரிய கருவி கிடையாது. பாப்பு என்ன செய்தார்? சூரியனும் ஒரு விண்மீன்தானே என்றார். முகம் தெளிவாகத் தெரியும் ஒரே விண்மீன் நம் சூரியன்தான். மற்ற விண்மீன்களில் அந்தக் கால்சியக் கீற்று எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சூரியனின் முகத்தைப் பார்த்தே அறியலாம் அல்லவா? கே. ஆர். சிவராமனோடு சேர்ந்து அவர் சூரியனின் நிறமண்டலத்தை நுணுகி ஆராய்ந்தார். வில்சன்–பாப்பு விளைவுக்கும் அங்கே தெரியும் சிறு ஒளித்திட்டுகளுக்கும் உள்ள தொடர்பை 1971இல் எடுத்துக்காட்டினார். அதோடு, சூரியனின் முழு ஒளியையும் ஒன்றாகச் சேர்த்து, தொலைதூர விண்மீன் ஒன்றைப் பார்ப்பதுபோலவே பார்த்து, அதன் கால்சியக் கோட்டை நாள்தோறும் பதிவு செய்யும் திட்டத்தை 1969இல் தொடங்கி வைத்தார். கையில் இருப்பதைக் கொண்டே பெரிய காரியம் செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காட்டுக்குள் ஒரு கண்

ஆயினும் நாட்டிற்கு நல்ல விண்மீன் தொலைநோக்கி வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. கோடைக்கானலில் மேகமும் பனியும் மிகுதி. தெளிந்த இரவுகள் வாய்க்கும் இடத்தைத் தேடி, வாணியம்பாடிக்குத் தெற்கே ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலைச் சிற்றூரான காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, நகர வெளிச்சம் எட்டாத இருள். தெற்கே தாழ்ந்த அகலாங்கில் இருப்பதால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம்.

1968இல் அங்கே முதலில் வைக்கப்பட்டது வெறும் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அதுவும் கோடைக்கானல் நிலையத்தின் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1972இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள், வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் ஒளி குறைந்த விதத்தைக் காவலூரில் அளந்தனர். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோதும் காவலூர் விழித்திருந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது. இரண்டிலும் வேலை ஒன்றே: ஒரு விண்மீனின் ஒளியில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் கண்ணிமைக்காமல் அளப்பது. ஹைதராபாத்தில் மாணவனாக இருந்து கற்ற பாடம்!

1971இல் கோடைக்கானல் நிலையம் இந்திய வான் இயற்பியல் நிறுவனமாக உயர்ந்தது. பாப்பு அதன் முதல் இயக்குநரானார். பின்னர் அதன் தலைமையகம் பெங்களூரில் அமைந்தது. 1970இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும், 1981இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1979இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியர் ஒருவருக்கு அப்பதவி கிடைத்தது அதுவே முதன்முறை. இத்தனைக்கும் நடுவில் உருதுக் கவிதையிலும் தோட்டக்கலையிலும் அவருக்கு மனம் தோய்ந்திருந்தது.

கண்டு களிக்காத கனவு

அவருடைய பெருங்கனவு ஒன்றுண்டு. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை இந்தியப் பொறியாளர்களே வடிவமைத்து, இந்தியாவிலேயே கட்ட வேண்டும் என்பதே அது. வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கிவிடலாமே என்று கேட்பது எளிது. ஆனால் கட்டத் தெரிந்த கை இருந்தால்தான் அடுத்ததையும் கட்டும். பெரிய கொதிகலன்கள் உருவாகும் ஊரில் வாழும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆடியைத் தேய்த்து மெருகேற்றும் பணி பெங்களூரில் நடந்தது. மயிரிழையில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் விண்மீனின் உருவம் கலைந்துவிடும். மெருகேற்றுவதும் சோதிப்பதும் மீண்டும் மெருகேற்றுவதுமாக ஆண்டுகள் ஓடின.

அந்தத் தொலைநோக்கி நிறைவுபெறுமுன் அவருடைய இதயம் நலிவுற்றது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். உலக வானியல் ஒன்றியத்தின் பேரவை அந்த மாதம் கிரேக்க நாட்டின் பாத்ராஸ் நகரில் கூடியிருந்தது. தலைவராக அவர் அமர்ந்திருக்க வேண்டிய அவை அது. 1982 ஆகஸ்டு 19ஆம் நாள், பேரவை நடந்துகொண்டிருக்கும்போதே, மியூனிக்கில் அவர் உயிர் பிரிந்தது. ஐம்பத்தைந்தாம் பிறந்தநாள் கழிந்து ஒன்பதே நாட்கள் ஆகியிருந்தன.

உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியை இளமையில் விட்டு வந்தவர், தம் நாட்டின் பெரிய தொலைநோக்கியின் வழியே ஒரு விண்மீனைக்கூடப் பார்க்காமல் சென்றுவிட்டார். 1986 ஜனவரி 6ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி காவலூரில் அந்தத் தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதுவரை இந்தியாவில் இருந்தவற்றுள் அதுவே பெரியது. தொலைநோக்கிக்கும் வானாய்வு நிலையத்திற்கும் வைணு பாப்பு என்றே பெயர் சூட்டப்பட்டது.

விதைத்தவர் போனாலும்

விதைத்தவர் போனாலும் விளைச்சல் நிற்கவில்லை. அவர் நைனிதாலில் வளர்த்த நிலையத்தின் வழிவந்தோர் தேவஸ்தல் மலையில் 3.6 மீட்டர் தொலைநோக்கியை 2016 முதல் இயக்கி வருகின்றனர். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட ஆதித்யா எல்–1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6ஆம் நாள் அடைந்தது. அதன் முக்கியக் கருவியான சூரிய மகுட ஆய்வுக் கருவியைச் செய்து தந்தது, பாப்பு முதல் இயக்குநராக இருந்த அதே நிறுவனம். காவலூர்த் தொலைநோக்கியும் ஜனவரி 6ஆம் நாளில்தான் திறக்கப்பட்டது என்பதை எண்ணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

இந்த ஆராய்ச்சி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2024 மே மாதம் சூரியனில் எழுந்த பெரும் கொந்தளிப்பு பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியது. லடாக்கின் ஹான்லேயில் வானம் செந்நிறமாக ஒளிர்ந்தது. அத்தகைய புயல்கள் செயற்கைக் கோள்களையும் மின்கட்டங்களையும் தாக்கக்கூடியவை. மற்ற விண்மீன்களைச் சுற்றி நம் பூமி போன்ற கோள்களைத் தேடுவோர்க்கும் இந்த அறிவு தேவை. கோள் ஒன்று குறுக்கே செல்வதால் விண்மீன் மங்கியதா, அதன் மேலுள்ள புள்ளியால் மங்கியதா என்று பிரித்தறிய வேண்டுமே! 2009 முதல் 2018 வரை இயங்கிய கெப்ளர் விண்கலம் சூரியனை ஒத்த பல விண்மீன்களைக் கண்காணித்தது. அவற்றுள் பல, நம் சூரியனைவிட மிகுதியாக ஒளி மாறுபவை என்று தெரிய வந்தது. சூரியன் மாறாத விளக்கு அன்று. ஆனால் சாதுவான விளக்கு. அந்தச் சாதுவான குணத்தில்தான் நம் வயலும் வாழ்வும் நிலைத்திருக்கின்றன.

பாப்புவின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? நல்ல கருவி கிடைத்தால் சாதிப்பேன் என்று சொல்வோர் பலர். கிடைத்ததை விட்டு வந்து, இல்லாத இடத்தில் பிறருக்காகக் கருவி செய்து வைப்போர் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் அவர். நம் பள்ளியை விட்டுச் செல்லும் மாணவியர் நாளை எந்த ஊரிலும் எந்த நாட்டிலும் படிக்கலாம், பணி செய்யலாம். தங்கும் முடிவும் திரும்பும் முடிவும் அவரவருடையவை. எங்கிருந்தாலும் பின்னால் வருவோர்க்கு ஒரு வாயிலைத் திறந்துவைக்க முடியும் என்பதை மட்டும் மறவாதிருக்கட்டும்.

நாமும் எளிய முறையில் தொடங்கலாம். சூரியனை நேராக ஒருபோதும் பார்க்கலாகாது. வெல்டிங் ஒளியையே கறுப்புக் கண்ணாடி இன்றிப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இரவில் திருவாதிரையைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு, இன்று கூடுதலா குறைவா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுவோம். ஹைதராபாத்தில் ஒரு மாணவன் தொடங்கியது அப்படித்தான். அடுத்த முறை நம் குடியிருப்பில் மின்சாரம் தடைப்படும்போது முணுமுணுக்காமல் மாடிக்குச் செல்வோம். அந்த இருளின் அருமையை உணர்ந்து காவலூர்க் காட்டுக்குச் சென்ற பெரியவரை நன்றியுடன் நினைப்போம்.